கிணற்றுச் சுவரும் அக்காவின் தோளும்

என் வலது தோளின் எக்ஸ்ரே படம் ஒன்று, குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்து ஓட்டு வீட்டின் சன்னலில், மூன்று கோடை வெயிலை மறைத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. என் உடம்பின் வேறெந்தப் பாகமும் இத்தனை நாள் யாருக்கும் உபயோகப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை உபயோகிக்கிறேன் என்று கிளம்பித்தான் எல்லாக் கெடுதலையும் செய்தேன்.

அந்த வீட்டில் இருந்தவள் என் அக்கா. வயதில் என்னைவிட நாலு வருடம் பெரியவள். உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவாள். எங்கள் அப்பா மானாவாரிக் காட்டில் சோளமும் கம்பும் விதைத்து, மழை வராத வருடம் வானத்தைத் திட்டி, வந்த வருடம் களையைத் திட்டிக் காலத்தைக் கழித்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளில் எனக்குப் படிப்பு வந்தது. அக்காவுக்கு வேலை வந்தது. நான் திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தா ஆனேன். ‘தங்கள் மேலான கடிதம் கிடைத்தது’ என்று வெளியூர் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் எழுதுவது பகல் வேலை. வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது மிச்ச நேரத்து வேலை. இரண்டிலும் உண்மை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். அக்கா அழவில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி நியாயம் கேட்கவும் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான் போட்ட காப்பியைத் தொடாமல் நின்றுகொண்டே பேசினாள்.

“தம்பி, இப்பவே சொல்லிப்புடுறேன். ஒருத்தன் வீட்டுல சும்மா உக்காந்து திங்கிறவ இல்ல நான். இந்த வீட்டுத் தண்ணி என் பொறுப்பு. அது என்னைக்கு முடியலையோ, அன்னைக்குக் கெளம்பிருவேன்.”

“நான் என்னக்கா, ஒருத்தனா?”

“இன்னைக்கு நீ தம்பி. நாளைக்கு ஒருத்தி வந்துட்டா நீயும் ஒருத்தந்தான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நிபந்தனையின் பேரில்தான் அவள் என் வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தாள். அந்த வீட்டில் தங்க அவளுக்கு இருந்த ஒரே பாத்தியதை அவளுடைய வலது கை. இதை நான் வெகு தாமதமாகப் புரிந்துகொண்டேன். அவளுக்கு முதல் நாளே தெரியும்.

திண்டுக்கல்லில் அந்நாளில் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் கிணறு உண்டா என்று கேட்பார்கள். குழாயில் தண்ணீர் வருவது பண்டிகை மாதிரி. நாள் பார்த்துத்தான் வரும். நான் வாடகைக்கு இருந்து பிறகு வாங்கிய வீட்டின் கொல்லையில் பாறையை வெட்டித் தோண்டிய கிணறு ஒன்று இருந்தது. இரு கையையும் விரித்த அளவுக்குப் பத்துப் பாகம் கயிறு விட்டால் வாளி தண்ணீரைத் தொடும். சித்திரையில் இன்னும் ரெண்டு பாகம் சேர்த்து முடிச்சுப் போடவேண்டும். காலையில் முப்பது வாளி, சாயங்காலம் இருபது வாளி அக்கா இறைப்பாள். உருளை கிரீச்சிடும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். விழித்ததும் அதைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதலாமா என்று யோசித்தபடி மறுபடி தூங்குவேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். அவள் பேச்சில் மூச்சுக்கு ஒரு ‘ங்க’ வரும். அதை விடவில்லை. கூப்பிடும் முறையை மட்டும் எங்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டு அக்காவை ‘மதினி’ என்றாள். வந்த வாரமே அவள் கயிற்றைப் பிடிக்கப் போனாள். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

“ஏத்தா, நீ அடுப்பைப் பாரு. இதையும் நீயே செஞ்சுட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன சோலி?”

முதல் குழந்தை தவழ ஆரம்பித்தபோது எனக்குக் கிணற்றைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. படிக்கிறவனுக்கு வரும் பயம் சாதாரணப் பயம் அல்ல. அதற்கு உடனே திட்டம் வேண்டும், வரைபடம் வேண்டும். கிணற்றுச் சுவரை உயர்த்துவது என்று முடிவு செய்து கொத்தனாரை வரவழைத்தேன். அவர் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்:

“தண்ணி எறைக்கிறது யாருங்க?”

“எங்க அக்கா.”

“அவுகளைச் செத்த வரச் சொல்லுங்க, அளவு பாத்துக்கிறேன்.”

“புள்ள உள்ள விழுகாம இருக்கத்தானய்யா செவரு? அவங்க அளவு எதுக்கு? என்னையப் பாத்து எடும்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என்னைச் சுவரோரம் நிற்கவைத்து என் விலாவுக்கு நேரே கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். நாலு வரிசைச் செங்கல் ஏறியது. அதற்குத் தக்கபடி உருளை மாட்டிய குறுக்குக் கட்டையும் ஏறியது. எனக்கு விலாவுக்கு வந்த சுவர் அக்காவுக்குத் தோளுக்கு வந்தது. அந்தக் கிணற்றில் நான் அதுவரை ஒரு வாளி தண்ணீரும் இறைத்ததில்லை.

அன்று முதல் அக்கா ஒவ்வொரு இழுப்புக்கும் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்தாள். வாளி மேலே வந்ததும் அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறக்கினாள். சில நாள் ஒரு துவைகல்லை நகர்த்திப் போட்டு அதன் மேல் ஏறி நின்று இறைத்தாள். அதைப் பார்த்த நான் தர்க்க ரீதியாக ஆட்சேபித்தேன். சுவரை உயர்த்தியதே யாரும் விழக்கூடாது என்பதற்காக. கல்லைப் போட்டு ஏறினால் சுவர் பழைய உயரத்துக்குத்தானே ஆகிறது? பிள்ளையும் நாளைக்கு அந்தக் கல்லில்தானே ஏறும்? என் வாதத்தில் ஓட்டையே கிடையாது. அக்கா கல்லைத் திரும்ப நகர்த்திவிட்டாள்.

சில வருடம் கழித்துச் சிறுமலைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் ஆறு ரோஜாக் கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கத் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த காலத்தில் ரோஜா வளர்த்த குமாஸ்தா நான். கம்பெனிக்கு ஒரு பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு போவேன். அக்காவுக்கு அந்தப் பூவின் மேல் ஆசை உண்டு. ஆனால் பறிக்க மாட்டாள். ஒரு நாள் மனைவி ஒன்றைப் பறித்து அவள் கொண்டையில் செருகப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“ஏனுங்க, மதினிக்கு ரெண்டு மாசமா நாந்தானுங்க கொண்டை போட்டுவுடறேன். கை தலைக்கு மேல போகலீங்க. வலது பக்கமாப் படுக்கவும் முடியலையாமுங்க.”

நான் உடனே அலமாரியைத் திறந்தேன். வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வது எப்படி என்று வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய தடிப் புத்தகம் என்னிடம் இருந்தது. உபயோகிக்காத மூட்டு இறுகிப்போகும், பயிற்சி கொடுத்தால் இளகும் என்று அதில் ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

“அக்கா, வலிக்குதுன்னு கையைச் சும்மா வச்சா அது அப்படியே இறுகிப்போகும். தினம் பத்து வாளி கூட எறைச்சுப் பாரு. தன்னால சரியாகும்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

அக்கா என் படிப்பின் மேல் வைத்திருந்த மரியாதையை நானே அதன் மேல் என்றைக்கும் வைத்ததில்லை. மறுநாளே பத்து வாளி கூடிற்று. அந்தப் பத்து வாளியும் ரோஜாவுக்குப் போயிற்று. வைத்தியமும் தோட்ட வேலையும் ஒரே கயிற்றில் முடிந்துவிட்ட சாமர்த்தியத்தை நான் கம்பெனியில் சொல்லிக்காட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்து சொன்னாள்: “தம்பி, கூடத்தான் வலிக்குது.” எனக்கு அந்த வாரம் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. விஷயம் ஒன்றும் அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் கவலை வராது, தலைப்புத்தான் வரும்.

கட்டுரையில் ஒரு அக்கா வந்தாள். வேலை என்றால் அவளுக்குத் தோள் தூக்காது. பந்தியில் அப்பளம் வரும்போது மட்டும் கை தானாகத் தலைக்கு மேலே போகும். அந்த அப்பளக் காட்சியைத் தனியாகப் படம் போட்டே அச்சடித்திருந்தார்கள். கம்பெனியில் ஒருத்தர் விடாமல் வாசித்தார்கள். என்னைக் கண்டதும் கையைப் பாதி தூக்கி ‘ஆ’ என்று முனகுவதும், பிறகு அப்பளத்துக்கு நீட்டுவதும் ஒரு வாரத்துக்கு அங்கே வேடிக்கை. ஆயுளில் எனக்கு அத்தனை பாராட்டு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். மனைவி பாதியில் நிறுத்தினாளாம். “நிறுத்தாத, வாசி தாயி” என்றாளாம். அப்பளம் வந்த இடத்தில் சிரித்தாளாம். கடைசியில், “நல்லாத்தான எழுதியிருக்கான்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் உருளைக்கு எண்ணெய் விட்டாளாம். இதையெல்லாம் மனைவி என்னிடம் சொன்னபோது அவள் முகம் சரியாக இல்லை.

“வாசிச்ச வாயி எனக்குப் புண்ணாட்ட இருக்குதுங்க.”

“அவதான் சிரிச்சாளே?”

“சிரிச்சாங்க. நீங்க ஒருக்கா அந்தச் சிரிப்பைப் பாத்திருக்கோணும்.”

அதற்குப் பிறகு அக்கா தோள் என்ற வார்த்தையை வாயால் சொல்லவில்லை. எனக்கு வெற்றியாகவே பட்டது: கிண்டலில் ஒரு வியாதியைத் தீர்த்துவிட்டேன். கயிற்றை அவள் பிடிக்கும் விதம் மட்டும் மாறியிருந்தது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, கயிற்றை இடது கையால் பிடித்து, உடம்பை முழுதாக ஒரு பக்கம் திருப்பித் திருப்பி இழுப்பாள். வாளியைத் தூக்கும்போது மட்டும் வலது கை கட்டாயம் வேண்டும். அப்போது கண்ணை மூடிக்கொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி நான் அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதற்குச் சாட்சி, இப்போது இவ்வளவு விவரமாக எழுத முடிகிறது என்பதுதான்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு காலை, வாளி சுவருக்கு மேலே வந்து தாண்டுகிற நேரத்தில் அவள் கை விட்டுவிட்டது. கயிறு உருளையில் தடதடவென்று ஓடி வாளி கீழே பாறையில் மோதிய சத்தத்துக்கு நான் எழுந்து ஓடினேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். வலது கை பக்கத்தில் தொங்கிற்று. தூக்கிப் பார்த்தாள், இடுப்பளவு வந்து நின்றுவிட்டது. இடது கையால் அதை எடுத்துச் சுவரின் மேல் வைத்தாள். அது வேறு யாருடைய கையோ போல வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு, “வாளி நசுங்கியிருக்கும்” என்றாள்.

மதுரையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். வாட்டசாட்டமான மனிதர், குரல் மட்டும் மெதுவாக வரும். தோளை நேராக ஒன்று, பக்கவாட்டில் சாய்த்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துவரச் சொன்னார். அவை வருவதற்குள் விசாரணை நடந்தது.

“என்ன வேலைம்மா செய்றீங்க?”

“வேலை ஒண்ணும் இல்லீங்க சாமி. தம்பி வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“தண்ணி எறைக்கிறதுண்டா?”

“அதெல்லாம் உண்டு. அது என்ன வேலையா?”

“எத்தனை வாளி?”

அக்கா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். “கிணத்துச் சுவரு எவ்வளவு உயரம்?”

அக்கா இடது கையைத் தன் தோளுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

எக்ஸ்ரே வந்ததும் அதை வெளிச்சத்தில் மாட்டி அக்காவைத்தான் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார், என்னை அல்ல. “இது கை எலும்போட தலை. இதுக்கு மேல கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கு பாருங்க. சில பேருக்கு இது தட்டையா இருக்கும். சில பேருக்குக் கொஞ்சம் வளைஞ்சிருக்கும். உங்களுக்கு முனை கொக்கி மாதிரி கீழ எறங்கியிருக்கு. கையைத் தூக்குற நரம்பு, நாரு மாதிரி, இந்தக் கூரைக்கும் இதுக்கும் நடுவுல ஓடுது. கையைத் தோளுக்கு மேல தூக்கும்போதெல்லாம் அது கொக்கியில ஒரசும். கெணத்துக் கயிறு கல்லு முனையில தினம் ஒரசினா என்ன ஆகும்?”

“திரி திரியாப் பிரியும்,” என்றாள் அக்கா. “அப்புறம் ஒரு நாளைக்கு அந்து விழும்.”

“அதேதான்.”

ஆபரேஷன் செய்து கொக்கியைச் சீவிவிடலாம், ஆனால் அறுந்த நார் சேரும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது, ரொம்பத் தாமதமாகிவிட்டது, ரெண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் ஓய்வு கொடுத்தே காப்பாற்றியிருக்கலாம் என்றார். பயிற்சி கொடுத்தால் இளகும் என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று நான் மெல்லக் கேட்டேன். “அது வேற வியாதிக்கு” என்றார். கத்தி வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது நான் மட்டும் திரும்பிப் போய் ஒரு கேள்வி கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே சுயநலம் கூடியது அதுதான். “டாக்டர், இந்தக் கொக்கி பிறவியிலேயே வந்ததா, வேலை செஞ்சு வந்ததா?”

“படிச்சவங்களுக்குள்ளயே அதுல ரெண்டு கட்சி இருக்கு. பிறவின்னும் சொல்றாங்க. இழுத்து இழுத்து முனை வளர்ந்துருதுன்னும் சொல்றாங்க. என்னால ஒரு பக்கம் சொல்ல முடியாது.”

மூன்றாம் நாள் அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள். அப்பாவின் வீடு ஊரில் பூட்டித்தான் கிடந்தது. பக்கத்து வீட்டில் சித்தி இருந்தாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன், சாஸ்திரம் பேசினேன். மனைவி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் தலையை இடது கையால் தடவினாள்.

“நான் மொத நாளே சொன்னேன்ல தம்பி.”

“அது என்னமோ ஒரு கோவத்துல சொன்னது. யாரு இப்ப உன்னையத் தண்ணி எறைக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. அதான் போறேன்.”

பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பெட்டியைக் கூரை மேலே ஏற்ற நான் கையைத் தூக்கினேன். சுலபமாகப் போயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

இருவரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள். நான் தோளுக்கு மேலே பேனாவைக்கூடத் தூக்கியதில்லை. என் எலும்பிலும் அதே கொக்கி இருந்தால் அது பிறவி. அக்காவுக்கு வந்தது விதி. கிணற்றுச் சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் எலும்பு தட்டையாக இருந்தால் அந்தக் கொக்கியை ஐம்பது வாளியும் நாலு வரிசைச் செங்கலும் நானும் சேர்ந்து வளர்த்தோம் என்று அர்த்தம். இந்த வழக்கை எத்தனை பக்கம் புரட்டியும் எந்தப் புத்தகத்திலும் தீர்ப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். என் தோளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போனேன்.

“எங்க வலிக்குது?” என்றார் டாக்டர்.

“வலி ஒண்ணும் இல்லை.”

“கை தூக்க முடியலையா?”

நன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“சும்மா… தெரிஞ்சுக்கலாம்னு.”

நோயில்லாமல் பணம் கட்டிப் படம் எடுத்துக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். படம் வந்தது. அக்காவின் படத்தையும் கவரில் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அதே கூரை. அதே சரிவு. முனையில் அதே கொக்கி. மூலையில் எழுதியிருந்த பெயரை மறைத்தால் எது யாருடையது என்று எங்களைப் பெற்றவர்கள் வந்தாலும் சொல்ல முடியாது.

“ஒரே அச்சு” என்றார் டாக்டர்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. உண்மையைச் சொல்லவேண்டும்: நான் சிரித்துவிட்டேன். “அப்படின்னா பிறவிதான். இல்லையா டாக்டர்? அக்காவுக்கு எப்படியும் வந்திருக்கும்.”

அவர் விளக்கை அணைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு வரலையே.”

நான் என் படத்தை மறுபடி பார்த்தேன்.

“கொக்கி உங்களுக்கும் இருக்கு, அவங்களுக்கும் இருக்கு. கொக்கி மட்டும் இருந்தா வியாதி வராது. அதுக்குக் கீழ தினம் கையைத் தூக்கணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“கடிதம் எழுதுற வேலை.”

“மேசை உயரம் உங்களுக்குச் சரியா இருக்கா?”

“இருக்கு,” என்றேன்.

விடுதலை வாங்கப் போன இடத்தில் ஒரே சாட்சியை நானே கூட்டிக்கொண்டு போய் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே எலும்பு. ஒன்றுக்கு நாற்காலி, ஒன்றுக்குக் கயிறு. கட்சி இரண்டாக இருந்தாலும் எங்கள் வீட்டு விஷயத்தில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் என் தலை தப்பாது என்பதை டாக்டர் அவ்வளவு மெதுவான குரலில் சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்கா வேப்பமரத்தடியில் நின்று இடது கையால் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியைத் தோளளவுக்கு வெட்டியிருந்தாள். கொண்டை போட்டுவிட அங்கே ஆள் இல்லை. சித்திக்குக் கண் தெரியாது. நான் தலையைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “இதான் சுளுவா இருக்கு,” என்றாள்.

படங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக இடது கையால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இதுல எதுடா ஒன்னுது?”

“இது.”

“ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு.” அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. “நம்ம அப்பா தோளு. அவருக்கும் கடைசியில கை தூக்காது, தெரியுமா? துண்டை இந்தக் கையாலதான் போடுவாரு. நீ அப்ப பள்ளிக்கூடத்து விடுதியில இருந்த.”

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நான் கவனிக்காத முதல் தோள் அக்காவுடையது அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் எழுதி, அடித்துத் திருத்தி வைத்திருந்ததைச் சொன்னேன். கொத்தனார் அவளைக் கூப்பிடச் சொன்னதை, நான் வேண்டாம் என்றதை, கரித்துண்டுக் கோட்டை. அவள் தழையை ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

“தெரியும்ல. நான் அடுப்படியிலதான நின்னேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா, செவரு ஒசரம்னு?”

“கட்டச் சொன்னவன்கிட்டப் போயி எப்பிடிச் சொல்றது? நான் என்ன, வீட்டுக்காரியா?”

“வலி வந்த பெறகாவது சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வருசம் ஒரு வார்த்தை சொல்லலையே.”

அக்கா ஆட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தாள். திட்டுகிற குரலில் இல்லை, குறை சொல்கிற குரலிலும் இல்லை. வெஞ்சனத்தில் உப்பு எவ்வளவு போடவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

“சொன்னா நீ எழுதிருவியேப்பா.”

இன்னொரு கொத்துத் தழையை ஆட்டுக்குப் போட்டாள். பிறகு அவளே கேட்டாள்: “ரோசா பூக்குதா?”

அவள் போன மூன்றாம் வாரமே ஆறும் கருகிவிட்டன. பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை. “பட்டுப்போச்சுக்கா” என்றேன்.

“அடக் கெடுத்தியே! அம்புட்டுத் தண்ணி ஊத்துனேனே அதுக்கு,” என்றாள். தன் தோளைப் பற்றிப் பேசியபோதெல்லாம் வராத வருத்தம் அவள் குரலில் அப்போது வந்தது.

கிளம்பும்போது படங்களைத் திரும்பக் கேட்டேன். தன்னுடையதைக் கொடுத்தாள். என்னுடையதைக் கொடுக்கவில்லை. “இது இருக்கட்டும். மேக்குச் சன்னல்ல வெயிலு கண்ணுக்கு நேரா அடிக்குது, சோத்துப் பசையில ஒட்டிக்கிறேன். நோவு இல்லாத தோளு, பாத்துக்கிட்டாவது இருக்கேன்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். தோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது என் தோள் சன்னலில் இருந்தது. வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. கொக்கி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிய்த்து எடுக்கப் பார்த்தேன்; பசை விடவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இந்தக் கட்டுரையை இத்தனை வருடம் நான் எழுதவில்லை. சொன்னால் எழுதிவிடுவாய் என்று அவள் பயந்தாள். கடைசியில் எழுதித்தான் விட்டேன். சிரிக்கும் இடம் எங்கேயாவது வந்திருந்தால் அது பழக்க தோஷம்.

கிணற்றுச் சுவரின் மேல் நாலு வரிசையை அவள் ஊருக்குக் கிளம்பிப் போன மாதமே இடித்துவிட்டேன். அதே கொத்தனார்தான் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடித்த செங்கலில் ஒன்றின் விளிம்பு, வாளி உரசி உரசி, ஒரு கை பதிகிற அளவுக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. தண்ணீர் இப்போது நான்தான் இறைக்கிறேன். ஐம்பது வாளி முடியாது. பன்னிரண்டாவது வாளியிலேயே தோளுக்குள்ளே ஏதோ ஒன்று மெதுவாக உரசுவது தெரிகிறது. செங்கலை வீணாக்க மனமில்லாமல் ரோஜாப் பாத்தியைச் சுற்றி அடுக்கிவைத்திருக்கிறேன். உள்ளே செடி எதுவும் இல்லை.